அவையில் மௌனம் அறமாகுமா?

தவறு செய்தவனைச் சுட்டிக் காட்டுவது எளிது. தவறு நடக்கின்ற இடத்தில் இருந்தும், தடுத்துச் சொல்லும் உரிமை பெற்றிருந்தும், வாய் திறவாதிருந்தவனை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதுதான் கடினமான கேள்வி. அவன் பொய் சொல்லவில்லை, பொருள் கவரவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அவன் செய்ததெல்லாம் சும்மா இருந்தது ஒன்றே. சும்மா இருத்தல் குற்றமாகுமா? ஆகும் எனில், எப்போது ஆகும்?

மகாபாரதத்துச் சூதாட்ட அவையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். துச்சாதனன் செய்த கொடுமையைச் சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் அந்த அவையில் பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், நூல் பல கற்ற பெரியோர் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தனர். அறத்தின் போக்கு நுட்பமானது, அறிந்து சொல்லுதல் அரிது என்பதாகப் பீஷ்மர் ஒதுங்கிக்கொண்டார். துரியோதனனின் உடன்பிறந்தவனாகிய விகர்ணன் எழுந்து, இது முறையன்று என்றான். வயதிலும் கல்வியிலும் சிறியவன். ஆயினும் அன்று அவையின் மானத்தைச் சிறிதேனும் காத்தவர்களுள் அவன் ஒருவன். பாரதியாரும் தம் பாஞ்சாலி சபதத்தில், பாஞ்சாலி இழுத்து வரப்படும்போது நின்று பார்த்துப் புலம்பிய ஊராரைக் கடுமையாகச் சாடுகிறார். கொடியவன்மீது வரும் சினத்துக்குச் சற்றும் குறையாத சினம், பார்த்திருந்தவர்மீதும் அவருக்கு வந்தது. அந்தச் சினத்தின் நியாயத்தை நம் காலத்து அவைகளில் வைத்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொள்ளும் பொருள், நீதிபதிகளை அமர்த்துவதும் அகற்றுவதும் பற்றி நம் மக்கள் பிரதிநிதிகள் காட்டிய மௌனம்.

ஜீடிமெட்லாவில் ஆலைச் சங்கு ஒலிக்கக் கேட்டு எழுந்து வேலைக்குச் செல்லும் நமக்கும், டெல்லியில் யார் நீதிபதியாகிறார் என்பதற்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்த இடத்தில் நமக்கு வாக்கு வலிமை குறைவு; சாதி வலிமை இல்லை; அமைச்சர் வீட்டுக் கதவைத் தட்டும் உறவும் இல்லை. பணிக்கொடை மறுக்கப்பட்டாலும், இடத்துப் பத்திரத்தில் வில்லங்கம் வந்தாலும், ஆலைக் கழிவு கிணற்று நீரைக் கெடுத்தாலும், இறுதியில் நாம் போய் நிற்கும் இடம் நீதிமன்றம்தான். இந்நகரில் உள்ளூரார் யார், வெளியூரார் யார் என்ற வழக்கே நீதிமன்றத்துக்குப் போனதுண்டு. 1972ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முல்கி விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, அதன் எதிரொலியால் இம்மாநிலமே கொந்தளித்தது. ஆக, துலாக்கோலைப் பிடிக்கும் கை எத்தகையது என்பது, வலியவனைவிட எளியவனுக்கும், ஊரானைவிட வந்தேறியவனுக்கும் கூடுதலான அக்கறைக்கு உரிய செய்தி.

இனி வரலாற்றைப் பார்ப்போம். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தனர். அரசியல் சட்டத்தைத் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஜகன்மோகன் ரெட்டி அந்த எழுவருள் ஒருவர். மறுநாளே அரசின் அறிவிப்பு வந்தது. மூப்பு வரிசையில் முன்னிருந்த ஷெலட், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி, ஏ. என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் அரசுக்கு உவப்பில்லாத தீர்ப்பின் பக்கம் நின்றவர்கள். உயர்த்தப்பட்டவர் மறுபக்கம் நின்றவர். மூவரும் பதவி துறந்தனர். வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தெழுந்தன, எதிர்க்கட்சிகள் கண்டித்தன.

அந்த நியமனத்தை நாடாளுமன்றத்தில் முன்னின்று நியாயப்படுத்தியவர் ஒரு தமிழர், அமைச்சர் மோகன் குமாரமங்கலம். நீதிபதியின் சட்ட அறிவை மட்டும் பார்த்தால் போதாது, அவருடைய சமூக நோக்கையும் அரசு பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வாதத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆளுவோரின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறாரா என்று பார்த்து நீதிபதியை உயர்த்தினால், அடுத்து வரும் ஒவ்வொரு நீதிபதியும் தீர்ப்பு எழுதுமுன் ஆளுவோர் முகத்தை ஒருமுறை நோக்குவார். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குமாரமங்கலம் எழுந்து நின்று பேசினார். தம் காரணத்தைச் சபையறியச் சொன்னார். சொல்லப்பட்ட காரணத்தை மறுக்கலாம், அதனோடு வாதாடலாம், அரை நூற்றாண்டு கழித்தும் இன்று நாம் அதை எடைபோட முடிகிறது. அவருக்குப் பின்னே அமர்ந்து மேசையைத் தட்டியவர்கள் மனத்தில் என்ன காரணம் இருந்தது என்று எவர் அறிவார்? அறத்தின் அளவையில், தவறான வாதத்தை நேர்நின்று சொன்னவர், எந்த வாதமும் சொல்லாமல் கூட்டத்தோடு சென்றவரினும் ஒருபடி மேலானவரே.

அந்த விதை முளைக்க நெடுங்காலம் ஆகவில்லை. 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், நெருக்கடி நிலைக் காலத்தில், காவலில் வைக்கப்பட்டவன் தன் விடுதலைக்காக நீதிமன்றத்தை நாடமுடியாது என்று ஐந்து நீதிபதிகளுள் நால்வர் தீர்ப்பளித்தனர். எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 1977ஆம் ஆண்டு ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு வரவேண்டிய முறை. அவரைத் தாண்டி எம். எச். பேக் அமர்த்தப்பட்டார், கன்னா பதவி விலகினார். 1973இல் ஆளுங்கட்சியினர் வாய்திறந்து தடுத்திருந்தால் 1977 நேர்ந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் முதல் முறை தட்டிக் கேட்கப்படாத செயல், இரண்டாம் முறை வழக்கமாகிவிடுகிறது என்பது நம் வீட்டிலும் வீதியிலும் நாம் காண்பதுதானே?

அடுத்த நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து 1989இல் உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்ட வி. ராமசாமியின்மீது, சண்டிகரில் அரசுப் பணத்தை முறையின்றிச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1991இல் மக்களவை உறுப்பினர் 108 பேர் அவரை நீக்கக் கோரும் தீர்மானத்தில் கையெழுத்திட்டனர். சபாநாயகர் ரபி ராய் அதை ஏற்று மூவர் குழுவை அமைத்தார். பி. பி. சாவந்த், பி. டி. தேசாய், ஓ. சின்னப்ப ரெட்டி ஆகிய அம்மூவரும் ஆராய்ந்து, 14 குற்றச்சாட்டுகளுள் 11இல் அவர் குற்றம் புரிந்தவர் என முடிவு கூறினர். 1993ஆம் ஆண்டு மே மாதம் மக்களவையில் விவாதம் நடந்தது. சோம்நாத் சட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். நீதிபதியின் சார்பில் கபில் சிபல் பல மணிநேரம் வாதாடினார். மே 11ஆம் நாள் வாக்கெடுப்பு. தீர்மானத்தை ஆதரித்தவர் 196 பேர். எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. ஆளுங்கட்சியாகிய காங்கிரசையும் அதன் தோழமைக் கட்சிகளையும் சேர்ந்த 205 பேர் அவையில் இருந்தும் வாக்களிக்கவில்லை.

இந்த எண்களைச் சற்று நிறுத்திப் பார்ப்பது நல்லது. அரசியல் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி, வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தால் மட்டும் போதாது. அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரும் ஆதரிக்க வேண்டும். ஆகவே வாக்களியாமை என்பது அன்று எதிர்த்து வாக்களிப்பதன் பயனை முழுவதும் தந்தது. எதிர்த்து வாக்களிப்பதன் பொறுப்பைச் சிறிதும் தரவில்லை. “நீதிபதி குற்றமற்றவர்” என்று சொல்ல 205 பேரில் ஒருவருக்கும் துணிவில்லை. “குற்றமுடையவர்” என்று சொல்லவும் துணிவில்லை. ஆனால் அவர்களால்தான் தீர்மானம் தோற்றது. அவர் 1994இல் ஓய்வு பெறும்வரை பதவியில் நீடித்தார். செயலின் பலனைப் பெற்றுக்கொண்டு, செயலை மட்டும் மறுத்துவிடும் இந்த மௌனத்தை எந்த அறநூல் ஏற்கும்? அன்று பிரதமராக இருந்து அக்கட்சிக்குத் தலைமை தாங்கியவர் இத்தெலங்கானா மண்ணில் பிறந்த, பன்மொழிப் புலமை மிக்க பி. வி. நரசிம்ம ராவ். கல்வி குறைந்தவர்கள் காட்டிய மௌனம் அன்று அது. கற்றோர் நிறைந்த அவையின் மௌனம்.

இங்கே ஒரு விந்தையும் உண்டு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பவரை மட்டும் தண்டிக்கவில்லை; கட்டளைக்கு மாறாக வாக்களியாமல் இருப்பவரையும் பதவி இழக்கச் செய்கிறது. அதாவது, வாக்களியாமையும் ஒரு செயலே என்று நம் சட்டமே கூறுகிறது! கட்சிக்கு எதிரான மௌனம் குற்றம். மனச்சான்றுக்கு எதிரான மௌனம் குற்றமன்று என்பதுதானா நாம் வந்து சேர்ந்த இடம்?

மௌனங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதும் நியாயமாகாது. அச்சத்தால் வரும் மௌனம் ஒன்று. நெருக்கடி நிலையில் சிறைக்கதவு திறந்து நின்றபோது வாய்மூடியவனைக் கடிந்துகொள்ளுமுன், நாம் அவனிடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணவேண்டும். ஐயத்தால் வரும் மௌனம் மற்றொன்று. உண்மை தெளியவில்லை என்று ஒருவன் ஒதுங்குவதில் இழிவில்லை. ஆனால் அவன், “எனக்கு இன்ன இடத்தில் ஐயம் உண்டு” என்று சொல்லக் கடமைப்பட்டவன். சொல்லப்படாத ஐயம், ஐயம்தானா என்பதே ஐயத்துக்குரியது. அயர்வால் வருவது மூன்றாவது; நான் ஒருவன் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற சோர்வு அது. நான்காவது, ஆதாயத்தால் வருவது. அடுத்த தேர்தலில் இடம், அமைச்சரவையில் ஒரு நாற்காலி, தலைவரின் புன்முறுவல் ஆகியவற்றை எண்ணி நாவை அடக்குவது. முதல் மூன்றுக்கும் இரக்கம் காட்டலாம். நான்காவதற்கு, மக்கள் பிரதிநிதி என்ற பெயரே பொருந்தாது. துன்பம் என்னவெனில், நான்காவது எப்போதும் இரண்டாவதன் வேடத்தில்தான் அவைக்கு வருகிறது.

“உள்ளே இருந்தால் தொகுதிக்கு நாலு நன்மை செய்யலாம், எதிர்த்துப் பேசி வெளியேறினால் என்ன பயன்?” என்று கேட்பவர் உண்டு. இது முற்றிலும் பொய்யான வாதமன்று. பாலமும் பள்ளிக்கூடமும் மக்களுக்கு வேண்டியவைதாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அடுத்த நன்மைக்காக இன்றைய அறத்தை ஒத்திவைப்பவன், எந்த நாளில்தான் பேசுவான்? வள்ளுவர் அமைச்சு, அவையறிதல், அவையஞ்சாமை என்று தனித்தனி அதிகாரம் வகுத்தது வீணுக்கன்று. இடித்துரைக்கும் துணையில்லாத அரசனுக்குப் பகைவர் தேவையில்லை, அவன் தானே கெடுவான் என்பது அவர் உணர்த்தும் உண்மை. அப்படியானால் தன் கட்சித் தலைமையை இடித்துரைப்பவன், அக்கட்சிக்கும் நன்மையே செய்கிறான்.

இது நடக்காத கனவு என்று எண்ணவேண்டா. அமெரிக்க நாட்டில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒருவரைக் குடியரசுத் தலைவர் முன்மொழிந்தால், செனட் அவை அவரை வெளிப்படையாக விசாரித்து வாக்களிக்கவேண்டும். 1987இல் ரானல்டு ரீகன் முன்மொழிந்த ராபர்ட் போர்க்கை அந்த அவை 58-க்கு 42 என்ற கணக்கில் நிராகரித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களுள் ஆறு பேர் ரீகனின் சொந்தக் கட்சியினர். ஆதரித்தவர்களுள் இருவர் எதிர்க்கட்சியினர். 1991இல் கிளாரன்ஸ் தாமஸ் 52-க்கு 48 என்ற கணக்கில் தேறினார். அந்த முறையிலும் கட்சிச் சண்டை உண்டு. குறைகள் பல உண்டு. முடிவு சரியா, தவறா என்று அந்நாட்டார் இன்றும் வாதிடுகின்றனர். ஆயினும் வாக்களித்த ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் இருக்கிறது. அவரவர் மக்கள் அவரவரைக் கேள்வி கேட்க முடிகிறது.

நம் நாட்டிலோ நிலைமை வேறாகிவிட்டது. அதே 1993ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் வந்த தீர்ப்பால், நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் மூத்த நீதிபதிகளின் குழுவாகிய கொலீஜியத்தின் சொல்லே முதன்மை பெற்றது. அதை மாற்ற 2014இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த நியமன ஆணையச் சட்டத்தை 2015ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் செல்லாததாக்கியது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு விக்டோரியா கௌரி பரிந்துரைக்கப்பட்டபோது, அவருடைய முந்தைய கட்சித் தொடர்பையும் சிறுபான்மையினரைப் பற்றிப் பேசியதாகச் சொல்லப்பட்டவற்றையும் காட்டி, சென்னை வழக்கறிஞர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்து வழக்கும் தொடுத்தனர். பிப்ரவரி 7ஆம் நாள் அவர் பதவி ஏற்ற அதே காலைப் பொழுதில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. சட்டப்படியான தகுதியை ஆராயலாம், பதவிக்குப் பொருத்தமானவரா என்பதை ஆராய்வது தங்கள் வேலையன்று என்பது நீதிபதிகள் கொண்ட நிலை. அவர்கள் சொன்னது சரியே எனினும், ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பொருத்தத்தைப் பொதுமக்கள் அறிய ஆராய்வது யார் வேலை? வாக்கில்லாத மக்கள் பிரதிநிதிக்குக் குரலுமா இல்லை?

குரலுக்கு உரிய காலமும் அதுவே. அரசியல் சட்டத்தின் 121ஆம் பிரிவு, பதவியேற்ற நீதிபதி தம் கடமையில் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி, நீக்கும் தீர்மானம் வந்தாலன்றி நாடாளுமன்றத்தில் விவாதிக்கலாகாது என்கிறது. நீதிபதியின் சுதந்திரத்தைக் காக்க வந்த நல்ல வேலி அது. நீக்குவது எவ்வளவு அரிது என்பதை 1993 காட்டிவிட்டது. ஆகவே கேட்கவேண்டியதை அமர்த்துமுன் கேட்பதே முறை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலைக்குப் பெயர் எழுதுமுன்னரே தகுதியை வரையறுத்தது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வரலாகாது என்றது. அமர்த்திய பின் அழுவதைவிட அமர்த்துமுன் ஆராய்வது மேல் என்பதை நம் முன்னோர் கல்லில் எழுதிவைத்தனர்.

இறுதியாக, நம் மனத்துக்கு மிக நெருங்கிய ஒரு வாதம் இருக்கிறது. “ராமசாமி தமிழர், நம்மவர். வடக்கே அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது நாமும் சேர்ந்து கல்லெறியலாமா?” என்று சிலருக்குத் தோன்றலாம். வேற்றூரில் வாழும் நமக்கு, நம்மவர் என்ற சொல்லில் உள்ள இனிமை பெரிது. அந்தச் சொல்லால் அல்லவோ இச்சங்கமே கூடியிருக்கிறது! ஆனால் அதே சொல்லை இந்த ஊர்க்காரர் தம் நாவில் எடுத்துக்கொண்டால் என்னவாகும்? எதிர்வழக்காடுபவன் அவர்களவன், நீ வெளியூரான் என்று ஒரு நீதிபதி எண்ணத் தொடங்கினால், மூசி ஆற்றங்கரையில் நிற்கும் உயர் நீதிமன்றக் கட்டடம் நமக்கு வெறும் கல்லும் சுண்ணாம்புமே. நம்மவர் என்பதற்காக ஒருவரை விட்டுவிடும் உரிமையை நாம் கேட்டால், நம்மவர் அல்லர் என்பதற்காக நம்மைக் கைவிடும் உரிமையைப் பிறருக்குக் கொடுத்தவர்கள் ஆவோம். நடுவு நிலைமையால் வேறெவரினும் மிகுதியாகப் பயன்பெறுபவர்கள் புலம்பெயர்ந்தோர். அதற்குரிய விலையை முதலில் கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே.

அரசியல்வாதிகளை நொந்துகொள்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர்கள் மௌனம் நம் மௌனத்தின் மேல் நிற்பது. வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையையும் குடிநீரையும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அவற்றோடு, “இன்ன நாளில் அவையில் இருந்தீர்களே, ஏன் வாக்களிக்கவில்லை?” என்றும் ஒருவர் கேட்கட்டும். பதில் வராவிட்டாலும் கேள்வி நிற்கும். சிறிய அவைகளிலும் இப்பழக்கம் வேண்டும். தொழிற்சங்கத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ ஆண்டறிக்கையும் கணக்கும் வாசிக்கப்பட்டு, ஆட்சேபம் உண்டா என்று கேட்கப்படும்போது, ஐயமுள்ளவர் சாப்பாட்டு நேரத்தை எண்ணிப் பேசாதிருக்கும் வழக்கத்தை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து, மரியாதை குறையாமல், தன் ஐயத்தைச் சொல்லி அமரும் தந்தையையும் தாயையும் அவர்கள் பார்க்கட்டும். அப்படி வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவர் பிற்காலத்தில் ஒரு பெரிய அவையில் அமர நேர்ந்தால், ஆம் என்றோ இல்லை என்றோ தம் பெயரைச் சொல்லி வாக்களிப்பார்.